வீடு மாறாத பிரதமர்

டென்மார்க்கின் முன்னாள் பிரதமர் ஆங்கர் யோர்கன்சன் 1922இல் கோப்பன்ஹேகனில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தார். சைக்கிளில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக, பிறகு கிடங்குத் தொழிலாளியாக வேலை பார்த்தார். தொழிற்சங்கத்தில் படிப்படியாக உயர்ந்து, 1964இல் சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1972 அக்டோபரில் பிரதமர் யென்ஸ் ஓட்டோ கிராக் திடீரெனப் பதவி விலகினார். அதுவரை அமைச்சராகக்கூட இருந்திராத யோர்கன்சன் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

பிரதமருக்கென்று மரியன்போர்க் மாளிகை இருந்தது. அவரோ தொழிலாளர்கள் வாழும் வட்டாரத்தில், தமது சிறிய அடுக்குமாடி வீட்டிலேயே மனைவி இங்கிரித்துடன் தொடர்ந்து குடியிருந்தார்.

எளிமை மக்களின் அன்பைப் பெற்றுத் தந்தது. நாட்டின் கடனை அடைக்கவில்லை. 1973 இறுதியில் ஆட்சியை இழந்து, 1975இல் மீண்டும் வந்தார். எண்ணெய் விலையேற்றம், வேலையின்மை, வெளிநாட்டுக் கடன் என்று நெருக்கடிகள் குவிந்தன. 1982இல் தேர்தல் நடத்தாமலேயே பதவி விலகி, எதிரணிக்கு வழிவிட்டார்.

2016இல், 93 வயதில் அவர் காலமானார். டென்மார்க் மக்களுக்கு அவர் கடைசிவரை வெறும் 'ஆங்கர்'தான்.