பேசக் கூச்சப்பட்ட பாடகர்

உயிரோடு இருந்தபோது அவருடைய இசைத்தட்டுகளை வாங்க ஆள் இல்லை. மேடை ஏறினால் நாலு வார்த்தை பேச வராது. 26-வது வயதில் காலமாகிவிட்டார். இன்றோ உலகம் முழுவதும் அவருடைய பாட்டைக் கேட்கிறார்கள். அந்தப் பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் யார்? அவருடைய பெற்றோரும், தமக்கையும், நண்பர்களும்தான்!

கடலுக்கு அக்கரையில்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் ஊர்களில் ஒன்று தோணிரேவு. அதற்குக் கிழக்கே வங்கக் கடல். அந்தக் கடலைத் தாண்டினால் பர்மா.

400 ஆண்டுகளுக்கு முன்பே பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து துணி மூட்டைகள் பர்மாவுக்குக் கப்பல் ஏறின. பின்னாளில், வெள்ளைக்காரர் ஆட்சியில், தமிழர்களே பல்லாயிரக்கணக்கில் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குப் போனார்கள். "எங்கள் தாத்தா ரங்கூனில் இருந்தவர்" என்று சொல்லும் குடும்பங்கள் வட சென்னையில் இன்றும் உண்டு.

அதே ரங்கூனில் 1948-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் நிக் டிரேக். பர்மா சுதந்திரம் அடைந்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

தகப்பனார் ரோட்னி டிரேக் ஓர் என்ஜினீயர். தேக்கு மர வியாபாரம் செய்த பம்பாய்-பர்மா கம்பெனியில் அவருக்கு வேலை. தாயார் பெயர் மாலி. ரங்கூனிலேயே பிறந்தவர். இருவருக்கும் 1937-ல் ரங்கூனில் திருமணம் நடந்தது.

டெல்லி ரேடியோவில் தாயார்

1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. தமிழர்கள் குழந்தை குட்டிகளோடு காட்டு வழியாகவும் மலை வழியாகவும் இந்தியாவுக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மாலியும் அந்த ஆண்டுதான் பர்மாவை விட்டுத் தப்பி இந்தியா வந்து சேர்ந்தார்.

டெல்லியில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே தம் சகோதரியுடன் சேர்ந்து அகில இந்திய ரேடியோவில் பாடினார். 1944-ல் லாகூரில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் கேப்ரியல். பிற்காலத்தில் நடிகையாகப் புகழ் பெற்றவர் இவர். யுத்தம் முடிந்து குடும்பம் ரங்கூன் திரும்பிய பிறகு பிறந்த பிள்ளைதான் நிக்.

1950-களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்துக்கே போய்விட்டது. தான்வொர்த் என்ற சிறு கிராமத்தில் வீடு. வீட்டில் ஒரு பியானோ. மாலி தாமே பாட்டு எழுதி, தாமே மெட்டுப் போட்டுப் பாடுவார். ஊரார் முன்னால் அல்ல. வீட்டுக்குள் மட்டும்! கணவர் அதை டேப்பில் பதிவு செய்து வைப்பார்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். அந்தப் பாட்டில் இருந்த மெல்லிய சோகம் மகனுக்கும் வந்தது. கூச்சமும் வந்தது.

13 பவுன் கிதார்

பள்ளிக்கூடத்தில் நிக் நல்ல ஓட்டக்காரர். பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் வாசிப்பார். 1965-ல் 13 பவுன் கொடுத்து ஒரு கிதார் வாங்கினார். அன்று முதல் மற்றதெல்லாம் பின்னுக்குப் போயிற்று.

1967-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் தங்கள் நாட்டுப்பாடல்களைத் திரும்பத் தேடிப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் வந்து சொந்தமாகவும் பாட்டுக் கட்டியவர்களில் ஒருவர் நிக். ஒரு நாள் அவர் பாடியதை ஆஷ்லி ஹட்சிங்ஸ் என்ற இசைக் கலைஞர் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொன்னார். அதிர்ஷ்டக் கதவு திறந்தது.

கூச்சக்காரர், ஆனால் கோழை அல்ல

முதல் இசைத்தட்டுக்கு வாத்திய இசை அமைக்க அனுபவசாலி ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் அமைத்தது நிக்குக்குப் பிடிக்கவில்லை. வாய் திறவாத அந்தப் பையன் அன்று வாய் திறந்தார். கேம்பிரிட்ஜில் படிக்கும் தம் நண்பன் இதைவிட நன்றாகச் செய்வான் என்றார்.

அந்த நண்பர் ராபர்ட் கிர்பி. அவரும் மாணவர்தான்; இசைத்தட்டுக்கு வேலை செய்து பழக்கம் இல்லாதவர். அழைத்து வந்தார்கள். அவர் அமைத்த இசையைக் கேட்டு எல்லோரும் அசந்துவிட்டார்கள். தம்மைப் பற்றிப் பேசக் கூசுகிறவர், தம் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்!

முதல் இசைத்தட்டு 1969-ல் வெளிவந்தது. அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பது தமக்கைக்குத் தெரியாது. ஒரு நாள் தமக்கை கேப்ரியலின் அறைக்குள் நிக் வந்தார். தட்டைக் கட்டிலில் போட்டார். இந்தா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்! அக்காவிடம் தம்பி தன் பெருமையைச் சொல்லிக்கொண்ட விதம் அது.

மேடையில் மௌனம்

நிக்கின் பாட்டில் ஒரு தனி முறை உண்டு. பாட்டுக்குப் பாட்டு கிதாரின் சுருதியை மாற்றுவார். மேடையில் ஒரு பாட்டு முடிந்ததும் தந்திகளைத் திருகத் தொடங்குவார். அந்த நேரத்தில் மற்றவர்கள் வேடிக்கையாக ஏதாவது பேசிச் சபையைப் பிடித்து வைப்பார்கள். நிக் தலையைக் குனிந்தபடியே இருப்பார். சபையில் சலசலப்பு எழும். 1970-ல் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். அவருடைய கடைசிக் கச்சேரிகளில் ஒன்று அது.

வேடிக்கையான ஒரு சம்பவமும் உண்டு. வாஷ்டி பன்யன் என்ற பாடகியும் பெரிய கூச்சக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதட்டும் என்று ஜோ பாய்டு ஏற்பாடு செய்தார். இவரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பாட்டும் பிறக்கவில்லை!

இரண்டாவது இசைத்தட்டு 1971-ல் வந்தது. மூன்றாவது 1972-ல் வந்தது. அதை இரண்டே இரவுகளில் பதிவு செய்தார்கள். குரலும் கிதாரும் மட்டும்; ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ. மொத்தம் அரை மணி நேரம் கூட இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்த மூன்றில் ஒன்று கூட 5,000 பிரதி விற்கவில்லை.

மனதில் விழுந்த இருள்

இளைஞரின் மனம் தளர்ந்தது. லண்டனை விட்டுப் பெற்றோரிடம் திரும்பி வந்தார். தொட்டது எதுவும் துலங்கவில்லையே என்று தாயாரிடம் வருந்தினார். டாக்டர்கள் பார்த்தார்கள். 1972-ல் சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரைப் பிடித்திருந்தது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. மனச்சோர்வு என்ற நோய்.

பெற்றோர் என்ன செய்தார்கள்? விரட்டவில்லை. நச்சரிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போனாலும், நள்ளிரவில் திரும்பி வந்தாலும் கதவு திறந்தே இருந்தது. மகன் நாள்தோறும் எப்படி இருந்தான் என்பதைத் தகப்பனார் டைரியில் எழுதி வந்தார். அவருடைய நண்பரான பாடகர் ஜான் மார்ட்டின் தம் கவலையை ஒரு பாட்டாகவே எழுதி 1973-ல் வெளியிட்டார்.

1974 நவம்பர் 25-ந் தேதி காலை மகன் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தவர் தாயார். டாக்டர் கொடுத்த மருந்தே அளவு மீறி உயிரைக் கொண்டுபோய்விட்டது. விசாரணை அதிகாரி தற்கொலை என்று முடிவு செய்தார். தவறுதலாக நடந்திருக்கலாம் என்று நண்பர்கள் சிலர் கருதினார்கள்.

திறந்திருந்த வீடு

கதை இங்கே முடியவில்லை. சில ஆண்டுகளில் எங்கெங்கோ இருந்து இளைஞர்கள் அந்தக் கிராமத்துக்கு வரத் தொடங்கினார்கள். இசைத்தட்டைக் கேட்டு மனம் உருகியவர்கள் அவர்கள். முதுமையில் இருந்த பெற்றோர் அவர்களை வரவேற்று உட்கார வைத்தார்கள். மகனின் அறையைக் காட்டினார்கள். வீட்டில் பதிவு செய்த பாட்டுகளைப் பிரதி எடுத்துக்கொள்ளக் கொடுத்தார்கள்.

வளர்ந்த பிறகு நிக் பாடுவதைக் காட்டும் சினிமாத் துண்டு ஒன்று கூட இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே, அவரை அறிந்தவர்களின் ஞாபகம்தான் பொக்கிஷம். தகப்பனார் 1988-லும் தாயார் 1993-லும் காலமானார்கள். அதன் பிறகு அந்தப் பொறுப்பைத் தமக்கை ஏற்றார். 2014-ல் தகப்பனாரின் டைரிக் குறிப்புகள், கடிதங்கள், நண்பர்களின் நினைவுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய புத்தகமாகக் கொண்டு வந்தார்.

1999-ல் அமெரிக்காவில் ஒரு மோட்டார் கார் விளம்பரத்தில் அவருடைய பாட்டு ஒலித்தது. விற்பனை பல மடங்கு கூடியது. 2007-ல் அவருடைய வீட்டுப் பதிவுகள் இசைத்தட்டாக வந்தன. அதில் தாயாரின் பாட்டுகள் இரண்டும் இருந்தன. 2013-ல் தாயாரின் பாட்டுகள் மட்டுமே அடங்கிய தட்டும் கடைக்கு வந்தது. வீட்டுக்குள் மட்டும் பாடிய அந்தப் பெண்மணியின் குரலையும் உலகம் கேட்டது!

நம் வீட்டிலும் இருக்கலாம்

தனியே இருக்கும்போது அழகாகப் பாடும் பிள்ளை, நாலு பேர் எதிரில் வாயை இறுக மூடிக்கொள்ளும். அப்படிப் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. கூச்சம் ஒரு குற்றம் அல்ல. அந்தப் பிள்ளை பாடும்போது காது கொடுத்துக் கேட்டால் போதும்.

ஆனால், கலகலப்பாக இருந்த பிள்ளை சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினால் அது கூச்சம் அல்ல. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே ஆலோசனை சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது. நிக் டிரேக்கின் பெற்றோரிடம் அன்பு இருந்தது. மகனின் உயிரைக் காக்க அது போதவில்லை. மகனின் பாட்டைக் காத்தது.