உபரி வரவு செலவுத் திட்டம்: மக்களுக்கு நன்மையா, தீமையா?

குடும்பத்தில் வரவு மிஞ்சினால் அது சிக்கனத்தின் அடையாளம். அரசின் கணக்கில் மிஞ்சினாலும் அவ்வாறே கொள்ளலாமா?

அரசு 100 ரூபாய் வரி பெற்று, 90 ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். எஞ்சிய 10 ரூபாய் மக்களின் கையிலிருந்து வந்ததேயாகும். வெளிநாட்டு வாணிபத்தின் வழியாக அதே அளவு பணம் நாட்டினுள் வந்தாலன்றி, அரசின் உபரி மக்கள் சேமிப்பின் குறைவாகவே முடியும். விலைவாசி ஏறும் காலத்தில் இக்குறைவு நன்மை பயக்கும். வேலையின்மை மிகுந்த காலத்திலோ தேவையைச் சுருக்கித் துன்பத்தைப் பெருக்கும். எனவே, உபரி எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பனவே முதன்மையான வினாக்கள்.

கோலார் தங்கவயல் இதற்குச் சிறந்த சான்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு வேரூன்றியது. தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். தங்கத்தின் பெரும்பகுதி இங்கிலாந்து சென்றது. ஆதலால் மைசூர் அரசு பெற்ற உரிமைத்தொகை, உழவரின் வரிச்சுமையைக் கூட்டாத வருவாயாக அமைந்தது. அவ்வரசு சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, 1902-இல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கியது. 1905-இல் பெங்களூரும் மின்னொளி பெற்றது. முடங்கிக் கிடக்காமல் முதலீடாகும் உபரி, மேலும் வருவாயை ஈட்டித் தரும் என்பதை இது காட்டுகிறது.

மறுபக்கமும் உண்டு. சுரங்கங்கள் 1956-இல் மாநில அரசுடைமையாகி, 1962-இல் மத்திய அரசிடம் வந்து, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம், குறைந்துவந்த தாதுவளம் ஆகியவற்றால் இழப்பு பெருகி, 2001-இல் மூடப்பட்டன. அரசின் செலவு குறைந்தது உண்மையே. ஆனால் சுமை மறையவில்லை. தொழிலாளர் குடும்பங்களுக்கு இடம் மாறியது. வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவோரின் செலவும், சயனைடு கழிவு மேடுகளின் தூசியும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

மாணவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வருவாய்க் கணக்கில் உபரி என்பது மொத்தக் கணக்கில் உபரி ஆகாது. 2002-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றிய கர்நாடகம், 2004-05 முதல் பல ஆண்டுகள் வருவாய் உபரி கண்டது. எனினும் மூலதனப் பணிகளுக்குக் கடன் பெற்றே வந்தது. அன்றாடச் செலவை வருவாயால் ஈடுகட்டி, நிலைத்த சொத்துக்களுக்கு மட்டும் கடன் பெறுவது தவறன்று.

சுருங்கக் கூறின், உபரி தானாக நன்மையுமன்று, தீமையுமன்று. ஏட்டில் மிஞ்சிய தொகை எவர் வீட்டில் குறைந்தது என்று வினவுவதே நிதி நிர்வாகத்தின் கடமையாகும்.