புராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சை முறையையும் அறுவை மருத்துவரையும் தேர்ந்தெடுத்தல்

ஆடவரின் மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கத்தைச் சுற்றி, பெரிய நெல்லிக்காயளவில் அமைந்த சுரப்பிக்குப் புராஸ்டேட் என்று பெயர். வயது முதிர்ந்தோருக்கு இது பருத்தல் இயல்பு. பருத்ததெல்லாம் புற்றுநோய் அன்று. ஆயினும் சிலருக்கு இச்சுரப்பியில் புற்றுநோய் உண்டாகிறது. அவ்வாறு அறிக்கை வந்ததும், நிலத்தை அடகு வைத்தேனும் உடனே அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று குடும்பத்தார் பதறுவது இயற்கையே. ஊர்ப்புறங்களில் இத்தகையோர் முதலில் யோசனை கேட்பது பெரும்பாலும் ஆசிரியரையும் களப்பணியாளரையுமே. ஆகவே, சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

நோயின் நிலையை அறிதல்

புராஸ்டேட் புற்றுநோய் பலருக்கு மெதுவாகவே வளர்கிறது. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்குமாயின், சில வாரங்கள் எடுத்துக்கொண்டு ஆலோசிப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. அந்த அவகாசத்தில் மூன்று செய்திகளைத் திரட்ட வேண்டும். முதலாவது, இரத்தத்திலுள்ள பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவு. இரண்டாவது, ஊசியால் எடுத்த திசுவை உருப்பெருக்கியில் ஆராய்ந்து தரப்படும் கிளீசன் எண். இது 6 ஆயின் நோயின் வேகம் குறைவு, 7 இடைநிலை, 8 முதல் 10 வரை தீவிரம். மூன்றாவது, நோய் சுரப்பியைக் கடந்து எலும்புக்கோ நிணக் கணுக்களுக்கோ பரவியுள்ளதா என்பது. சிகிச்சைத் திட்டம் முழுவதும் இம்மூன்றையே அடிப்படையாகக் கொண்டது. ஆதலால், கிளீசன் எண்ணைப் பற்றி ஐயம் எழுமாயின், திசு வைத்த கண்ணாடித் தகடுகளை வாங்கிச் சென்று வேறொரு நோய்க்குறியியல் வல்லுநரிடம் காட்டுவது தக்கது.

மூன்று வழிகள்

சுரப்பிக்குள் அடங்கிய நோய்க்கு முக்கிய வழிகள் மூன்று: சுரப்பியை அறுத்து நீக்குதல், கதிர்வீச்சு சிகிச்சை, காலந்தோறும் சோதித்துக் கண்காணித்து வருதல். இவற்றை ஒப்பிட, பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையுள்ள 1,643 பேர் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கப்பட்டனர். 'புரோடெக்ட்' எனப்படும் இவ்வாய்வின் பதினைந்தாண்டு முடிவு 2023-இல் வெளியாயிற்று. மூன்று பிரிவிலும் சேர்த்து இந்நோயால் இறந்தோர் 45 பேர், அஃதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. பிரிவுகளுக்கிடையே இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம், அறுவைப் பிரிவில் 4.7, கதிர்வீச்சுப் பிரிவில் 5.0.

பின்விளைவுகளிலோ வேறுபாடு பெரிது. அறுவைப் பிரிவினரில் ஆறு மாதம் கழிந்தபின் சிறுநீர்க் கசிவுக்காக உறிஞ்சுதுணி பயன்படுத்தியோர் 46 சதவீதம். ஆறு ஆண்டில் இது 17 சதவீதமாகக் குறைந்தது. ஆண்மைக் குறைவும் இப்பிரிவிலேயே மிகுதி. கதிர்வீச்சுப் பிரிவில் குடல் தொல்லை கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, கிளீசன் 6 உடைய ஒருவருக்குக் கண்காணிப்பு என்று மருத்துவர் கூறினால், அது கைவிடுதல் என்று எண்ணலாகாது. அதுவும் ஒரு சிகிச்சைத் திட்டமே. எனினும் குறித்த நாளில் தவறாது சோதனைக்குச் செல்பவருக்கே அது பொருந்தும். நோய் தீவிரமானவருக்கும் பரவியவருக்கும் மேற்கண்ட முடிவுகளை அப்படியே பொருத்துதல் கூடாது.

அறுவை மருத்துவர் அறுவையையும், கதிர்வீச்சு மருத்துவர் கதிர்வீச்சையும் நன்கறிந்தவர்கள். எனவே முடிவு செய்யுமுன் இருவரையும் காண்பது முறை.

கருவியினும் கை முக்கியம்

இச்சுரப்பியை முழுவதும் நீக்கும் அறுவையை 1904-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்து காட்டினார். ஆயினும் நெடுங்காலம் இதன்பின் ஆண்மை இழப்பு ஏறக்குறைய உறுதியாயிருந்தது. சுரப்பியை ஒட்டிச் செல்லும் நுண்ணிய நரம்புகளின் இடத்தை அறிந்து, அவற்றைக் காக்கும் முறையை அதே நகரில் பாட்ரிக் வால்ஷ் 1982-இல் கையாண்டார். சில மில்லிமீட்டர் விலகினாலும் பயன் மாறும் அறுவை இது என்பது இதனால் விளங்கும்.

இங்குப் பயிற்சியின் மதிப்பு கணக்கிட்டே காட்டப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 72 மருத்துவர்கள் அறுவை செய்த 7,765 நோயாளரைப் பற்றிய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. முன்பு 10 அறுவைகள் மட்டுமே செய்திருந்தவரிடம் ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 17.9 சதவீதம், 250 செய்தவரிடம் 10.7 சதவீதம்.

இக்காலத்தில் ரோபோ அறுவை பெரிதும் விளம்பரம் பெறுகிறது. ரோபோ தானாக அறுப்பதில்லை. மருத்துவரே அருகில் அமர்ந்து அதன் கைகளை இயக்குகிறார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் கழிந்தபின் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் இரண்டும் ஒத்தே இருந்தன. ஆகவே, ரோபோ இல்லை என்ற ஒரே காரணத்தால் தேர்ந்த மருத்துவரை விட்டு, கடன்பட்டு வேறிடம் செல்ல வேண்டுவதில்லை.

கேட்க வேண்டிய வினாக்கள்

நோயாளர் பின்வருவனவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லலாம்:

1. இந்த அறுவையை இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? ஆண்டுக்கு எத்தனை?
2. எனக்கு அறுவை செய்பவர் தாங்களா, தங்கள் மேற்பார்வையில் வேறொருவரா?
3. தங்கள் நோயாளரில் ஓராண்டுக்குப் பின் சிறுநீர்க் கசிவின்றி இருப்போர் எத்தனை பேர்?
4. அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் தேவைப்படலாமா?
5. மொத்தச் செலவு எவ்வளவு?

தேர்ந்த மருத்துவர் இவ்வினாக்களால் சினம் கொள்ளார். செலவைப் பொறுத்தவரை, 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. 2024 முதல் 70 வயது நிரம்பியோர் வருமான வரம்பின்றிச் சேர்க்கப்பட்டுள்ளனர். தாம் செல்லும் மருத்துவமனையும் பெறப்போகும் சிகிச்சையும் திட்டத்தில் உள்ளனவா என்று முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும்.

காத்திருக்கலாகாத நிலை

மேற்கூறிய அவகாசம் எல்லோர்க்கும் உரியதன்று. சிறுநீர் அடியோடு அடைபடுதல், இந்நோய் உள்ளவருக்குக் கடுமையான முதுகுவலியுடன் கால்கள் வலுவிழத்தல் அல்லது மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால், அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும். பின்னது, புற்றுநோய் தண்டுவடத்தை அழுத்துவதன் அறிகுறியாகலாம். தாமதித்தால் நடை நிரந்தரமாக இழக்கப்படும்.

எந்தச் சிகிச்சை வேண்டும் என்று தீர்ப்பளிப்பது ஆசிரியரின் வேலையோ களப்பணியாளரின் வேலையோ அன்று. அறிக்கைகளை வரிசைப்படுத்தி வைக்கவும், வினாக்களை எழுதிக் கொடுக்கவும், இரண்டாவது மருத்துவரைக் காண வழி செய்யவும் அவர்களால் இயலும். அச்சத்தில் எடுக்கப்படும் முடிவை அறிந்து எடுக்கும் முடிவாக மாற்ற இவ்வளவு உதவியே பல வேளைகளில் போதுமானது.