பசி காட்டிக்கொடுத்த கட்டி

விழித்திரைக்குப் பின்னால் ஒரு கருந்திட்டு தெரிகிறது. அது வெறும் மச்சமாக இருக்கலாம், உறைந்த இரத்தமாக இருக்கலாம், மெலனோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். வேறு உறுப்பென்றால் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துச் சோதித்துவிடுவார்கள். கண்ணுக்குள் ஊசி விட அன்றைய மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஊசித் தடத்தின் வழியே புற்றுச் செல்கள் வெளியே கசிந்துவிடுமோ என்ற பயம். சந்தேகம் வலுத்தால் கண்ணையே எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த கண்களில் 19 விழுக்காட்டில் மெலனோமாவே இல்லை என்று 1964-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்த எண்ணை இன்றும் என்னால் பதறாமல் படிக்க முடியவில்லை.

இந்தத் தவிப்புக்கு ஒரு மருந்தாக 1952-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் முன்வைத்தது கதிரியக்கப் பாஸ்பரஸ். வேகமாகப் பெருகும் செல்லுக்கு டிஎன்ஏ கட்டப் பாஸ்பரஸ் வேண்டும். வந்தது சாதாரணப் பாஸ்பரஸா, கதிர்வீசும் பாஸ்பரஸ்-32ஆ என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது, வாரி விழுங்கிவிடும். இரத்தக் குழாயில் ஊசி போட்டு இரண்டு நாள் காத்திருப்பார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பாஸ்பரஸ்-32 உமிழும் பீட்டா துகள் திசுவில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கண்ணின் நீளமோ 24 மில்லிமீட்டர். கண்ணுக்கு முன்னால் கதிரை எண்ணும் கருவியை வைத்தால் பின்புறக் கட்டியிலிருந்து எதுவும் வந்து சேராது. எனவே அறுவை அரங்கில், வெண்விழிமேல் படர்ந்த மெல்லிய சவ்வைத் திறந்து, மெலிந்த எண்ணிக் கருவியைப் பக்கவாட்டில் நுழைத்து, கட்டிக்கு நேர் பின்னால் ஒட்டவைத்து எண்ணினார்கள். பிறகு அதே கண்ணின் எதிர்ப்பக்கத்தில் ஒரு முறை. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பார்த்தே முடிவு சொன்னார்கள். வேறு உறுப்பிலிருந்து கண்ணுக்குப் பரவிய புற்றும் இதேபோல் பாஸ்பரஸை விழுங்கும். அதையும் மெலனோமாவையும் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் ஆகாது.

ஜப்பானில் வேறொரு வழி வந்தது. மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்க உருவாக்கிய, அயோடின்-123 ஏற்றிய மருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதன் காமா கதிர் உடலைத் துளைத்து வெளியே வந்துவிடும், கத்தி வேண்டியதில்லை. முதல் படத்தில் மூளை முழுக்கச் சுடர்விடும். அரை ஆயுள் 13 மணி நேரம் என்பதால் மறுநாளும் கதிர் மிச்சமிருக்கும். அதற்குள் மூளை மங்கிவிடும். மெலனோமாவில் மெலனின் நிறமி செய்யும் செல்களோ மருந்தை விடுவதில்லை. கண்குழியில் ஒற்றைப் புள்ளி மட்டும் அணையாமல் நிற்கும்.

இன்று தேர்ந்த மருத்துவர் கண்ணைப் பார்த்தும், அல்ட்ராசவுண்ட் எடுத்தும் மிகப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார். இரத்தம் கசிந்து உள்ளே எதுவும் தெரியாத கண்களும் உண்டு. அந்தப் புள்ளிக்காக ஒரு நாள் காத்திருப்பது அங்கேதான் பயன் தருகிறது.