பிளாஸ்டிக்கும் பெண்கள் நலமும்

காலையில் பல் துலக்கும் பிரஷ் முதல் இரவில் தண்ணீர் குடிக்கும் பாட்டில் வரை, பிளாஸ்டிக் இல்லாத நாள் நமக்கு ஏது? விலை குறைவு, எடை குறைவு, விழுந்தாலும் உடையாது என்று விரும்பி வாங்குகிறோம். ஆனால் அதிலுள்ள சில இரசாயனங்கள் நம் உடலுக்குள்ளும் புகுகின்றன என்பதைப் பலர் அறியார். பெண்களாகிய நாம் இதைக் கூச்சமின்றி அறிந்துகொள்ள வேண்டும்.

எலிக்கூண்டு கற்பித்த பாடம்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பெட்ரிஷியா ஹன்ட் என்ற பெண் விஞ்ஞானி சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்து வந்தார். குரோமோசோம்கள் ஒழுங்காக அணிவகுக்காத முட்டைகள் வழக்கமாக 100க்கு ஒன்றிரண்டே இருக்கும். 1998 ஆகஸ்டில் அவை திடீரென 100க்கு 40 ஆயின! காரணம் என்ன? எலிகளின் கூண்டுகளும் தண்ணீர்க் குப்பிகளும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அவற்றைத் தவறுதலாகக் காரம் மிகுந்த சோப்புக் கரைசலால் கழுவிவிட்டனர். பிளாஸ்டிக் சிதைந்து, 'பிஸ்பீனால் ஏ' என்ற இரசாயனம் கசிந்து எலிகளின் உடலில் சேர்ந்திருந்தது. இதனை மீண்டும் சோதித்து உறுதி செய்து, 2003இல் வெளியிட்டார்.

கள்ளச்சாவி

நம் சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், மாதவிடாயையும் கருப்பையின் வளர்ச்சியையும் நடத்துகிறது. ஹார்மோன் ஒரு சாவி என்றால் உடலின் செல்களில் அதற்கேற்ற பூட்டு உண்டு. பிஸ்பீனால் ஏ அந்தப் பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவி. இது ஈஸ்ட்ரோஜனைப் போல் செயல்படும் என்பதை இங்கிலாந்தின் சார்லஸ் டாட்ஸ் 1936இலேயே காட்டிவிட்டார். அதிலிருந்து பாலிகார்பனேட் செய்யத் தொடங்கியதோ 1950களில்!

மூன்று தலைமுறை

பெண்ணின் கருமுட்டைகள் பருவமடைந்தபின் உண்டாவன அல்ல. அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. எனவே நம் பாட்டி நம் அன்னையைச் சுமந்தபோதே, நாம் உருவான முட்டையும் அங்கே இருந்தது! கருவுற்ற எலிக்கு இந்த இரசாயனம் கொடுக்கப்பட்டபோது, வயிற்றிலிருந்த பெண் குட்டிகளின் முட்டைகளும் பழுதடைந்ததை ஹன்ட் குழுவினர் 2007இல் கண்டனர்.

எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வருமுன் காப்பதே அறிவுடைமை. குழந்தைகளின் பால் புட்டிகளில் இதனை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும், அமெரிக்கா 2012இலும் தடை செய்தன. உணவு தொடும் பிற பொருள்களிலும் இதற்குத் தடை விதிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முடிவெடுத்தது.

நாம் செய்யக்கூடியவை

1. சூடான உணவையும் பானத்தையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதிருப்போம். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும்.
2. தண்ணீர் கேன்களை வெயிலில் வைக்காதிருப்போம். கீறல் விழுந்த பாத்திரங்களை விலக்குவோம்.
3. கடை ரசீதுத் தாள்களிலும் இந்த இரசாயனம் இருப்பதுண்டு. அவற்றைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு உண்போம்.
4. 'பி.பி.ஏ. இல்லை' என்ற எழுத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதற்கு மாற்றாகச் சேர்க்கும் பிஸ்பீனால் எஸ் முதலியவையும் எலிகளின் முட்டைகளைப் பாதிப்பது 2018இல் தெரிய வந்தது.

அன்புத் தோழியரே! நம் பாட்டிமார் பயன்படுத்திய எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கூஜாவும் இன்னும் பரணில் இருக்கக்கூடும். அவற்றை இறக்கித் துலக்கித் தருமாறு அன்னையரிடம் கேட்போம். நாளை பிறக்கவிருப்போரின் நலம் இன்றே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு