ஒரு கணிப்பொறி, பல கணக்குகள்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களுக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் பூண்டி. மலைப்பூண்டு விளையும் நிலம் அது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதனை யாவரும் அறிவர். அவ்வூர் மாணவர் ஒருவர் தம் வட்டாரத்து வேளாண் சொற்களைத் தொகுத்து, துறைக் கணிப்பொறியில் என் கணக்கிலேயே தட்டச்சு செய்திருந்தார். ஒப்படைக்கும் நாளுக்கு முன்தினம் தமக்குரிய கணக்கில் திறந்தபோது, தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றின. உழைப்பெல்லாம் அழிந்தது எனக் கலங்கி, மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய முற்பட்டார்.

உண்மையில் ஓரெழுத்தும் அழியவில்லை. பழைய குறியீட்டு எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்துக் கொண்டவை. எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலுள்ள ஆங்கில எழுத்தே வெளிப்படும். புதிய எழுத்துருவை நான் என் கணக்கில் மட்டுமே நிறுவியிருந்தேன்.

இதன் காரணத்தை ஆராய்வோம். பல கணக்குகள் உடைய கணிப்பொறி, பொதுக்கூடமும் தனியறைகளும் கொண்ட கூட்டுக்குடும்ப இல்லத்தை ஒத்தது. பொதுக்கூடத்தில் வைத்த பொருள் அனைவர்க்கும் உரியது. அறைக்குள் வைத்தது ஒருவர்க்கே உரியது. விண்டோஸில் 2018ஆம் ஆண்டு முதல் எழுத்துருவை ஒரு கணக்குக்கு மட்டும் நிறுவும் வசதி உண்டு. சில மென்பொருள்களும் அவ்வாறே நிறுவப்படுகின்றன. அத்தகையதனை ஒரு கணக்கில் புதுப்பித்தால், மற்றொரு கணக்கிலுள்ள படி பழையதாகவே நிற்கும்.

ஆகவே இடர் நேருங்கால் பின்வரும் முறையினைக் கைக்கொள்ளலாம். முதலாவதாக, இரு கணக்குகளிலும் மென்பொருளின் பதிப்பெண்ணை ஒப்பிடுக. எண்கள் வேறாயின், தனித்தனிப் படிகள் உள்ளன எனக் கொள்க. அவற்றை நீக்கி, நிர்வாகி உரிமையுடன் எல்லாப் பயனருக்குமாக நிறுவுக. எழுத்துருவாயின், அதன்மேல் வலப்பக்கச் சொடுக்கினால் அதற்குரிய தேர்வு தோன்றும். எண்கள் ஒன்றாயின், அமைப்புகளை நோக்குக. விசைப்பலகைத் தேர்வு போன்றவை கணக்குதோறும் வேறுபடும். இரண்டாவதாக, புதுப்பித்தல் பாதியில் நின்றால், வேறொரு கணக்கு வெளியேறாமல் அம்மென்பொருளைத் திறந்து வைத்துள்ளதா எனக் காண்க. அனைவரும் வெளியேறியபின் கணிப்பொறியை மறுபடி இயக்குதல் நலம். மூன்றாவதாக, மாணவர் கணக்கில் உரிமை மறுக்கப்பட்டால், நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பலர்க்கும் வழங்குதல் தகாது. பொறுப்புடையார் ஒருவரே அப்பணியைச் செய்தல் வேண்டும்.

எழுத்துச் சிக்கலுக்கு நிலையான தீர்வு ஒருங்குறியே. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது. ஒருங்குறியில் எழுதியதனை எக்கணக்கிலும் தடையின்றிப் படிக்கலாம்.

அன்று மாலையே எழுத்துருவை அனைவர்க்குமாக நிறுவினோம். மாணவரின் கட்டுரை அவர் கணக்கிலேயே தமிழாய்த் தோன்றியது, மறுநாள் ஒப்படைத்தார். பிழை அவருடையதன்று, என்னுடையது. பொதுக் கருவியைக் கையாள்வோர், தமக்கு இயங்கியதும் நிறைவு கொள்ளாது, அடுத்தவர்க்கும் இயங்குகிறதா எனப் பார்த்தல் கடனாகும்.