வெளிர் பவள நிறத்தில் ஓர் அறை: வாளியை வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

வாகரைப் பிரதேசத்தில் மீள்குடியேறியவர்களின் வீடுகள் பலவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. கூரை போட்டாயிற்று, கதவு, யன்னல் பூட்டியாயிற்று, உட்பூச்சும் முடிந்தாயிற்று. சுவர் மட்டும் சீமெந்தின் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. வடக்கு கிழக்கில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. வீட்டை எழுப்பவே அது போதாமல் கடன்பட்டவர்கள் பலர். பெயின்ற் என்பது கடைசி வேலை, அந்தக் கடைசி பல வீடுகளுக்கு இன்னும் வரவில்லை.

பணம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் கரையோரத்தை அள்ளியது. இரண்டு வருடம் கழியுமுன் யுத்தம் வந்தது. 2006 நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்தன. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது ஊர்கள் வெறுமையாகிக் கிடந்தன. விட்டுவிட்டு ஓட வேண்டிவரும் என்று நினைக்கும் வீட்டுக்கு யாரும் பெயின்ற் அடிப்பதில்லை. அடிக்கிறார்கள் என்றால் இருக்கத் தீர்மானித்துவிட்டார்கள் என்றுதான் பொருள்.

பனிச்சங்கேணியில் இருந்துகொண்டு பெயின்ற் வேலை செய்யும் என்னிடம் அண்மைக் காலமாக அதிகம் பேர் கேட்பது வெளிர் பவள நிறம். இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் வெள்ளையில் கரைந்தது போன்ற நிறம் அது. பன்டோன் நிறுவனம் 2019ஆம் ஆண்டின் நிறமாகப் பவள நிறத்தின் ஒரு சாயலைத் தெரிவுசெய்த பின் உலகமெங்கும் அது பேசப்பட்டது. கைபேசியில் வரும் படங்களில் அழகாகத் தெரியும் அந்த நிறம் எங்கள் சுவரில் நிலைக்குமா என்பதுதான் கேள்வி. நிலைக்கும், ஆனால் சுவரைத் தயார் செய்தால்தான்.

பவளம் வேறு, முருகைக்கல் வேறு

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. பவள நிறம் எங்கள் கடலின் முருகைக்கல்லில் இருந்து வந்த நிறமல்ல. நகையில் பதிக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அது தமிழகக் கரைக்குக் கப்பலில் வந்தது என்று கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூல் சொல்கிறது. எங்கள் முருகைக்கற் பாறைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும்போது தவிட்டு நிறத்திலும் பச்சை கலந்தும் இருக்கும். செத்தால் வெள்ளை எலும்பாகிவிடும்.

அந்த வெள்ளையைத்தான் ஒரு காலத்தில் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடுகளுக்கு வெள்ளை அடித்தார்கள். கரையைக் காக்கும் பாறையை உடைத்தால் அலை நேரே ஊருக்குள் வரும். அதனால் 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சுண்ணாம்புச் சூளை நடத்துவதையும் தடைசெய்தது. எங்களுக்குத் தெற்கே காயான்கேணிக் கடலின் முருகைக்கற் பாறைகள் 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்பு வாங்குபவர்கள் அது உள்நாட்டுச் சுண்ணக்கல்லில் செய்ததா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சுனாமியைக் கண்ட எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

முதல் எதிரி உப்பு

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் ஊரில் சுவர் உப்பை உறிஞ்சும். கழுவாத கடல் மணலில் பூசிய சுவரென்றால் உப்பு உள்ளேயே இருக்கிறது. ஈரம் காயும்போது அது வெள்ளைப் பொடியாக வெளியே பூக்கும். அதன்மேல் அடித்த பெயின்ற் ஒரே மாரியில் கொப்புளித்து உரியும். வெள்ளைச் சுவரில் இது அவ்வளவாகத் தெரியாது, பவள நிறத்தில் வெண்படையாகத் தெரியும்.

உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள் போய்விடும். காய்ந்த பிறஷினால் தட்டி எடுத்துவிட்டுச் சில கிழமைகள் பொறுத்துப் பாருங்கள். மீண்டும் பூத்தால் மீண்டும் தட்டுங்கள். பூப்பது நின்ற பிறகுதான் பெயின்ற்.

ஈரத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உட்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் தயாரில்லை. புதிய பூச்சு என்றால் குறைந்தது நான்கு கிழமை காய வேண்டும். புதுச் சீமெந்தின் காரம் சில சிவப்பு நிறமிகளை வெளிறச் செய்துவிடும். அதனால் காரத்தைத் தாங்கும் பிறைமர் ஒரு கோட் கட்டாயம். வேலைக்கு ஏற்ற காலம் மாரி முடிந்து மாசி, பங்குனி தொடங்கி ஆவணி வரை.

சன்னம் துளைத்த சுவர்கள்

யுத்தத்தில் தப்பிய பழைய வீடுகளில் சன்னத் துளைகளும் எறிகணைச் சிதறல் பட்ட பள்ளங்களும் இருக்கும். சீமெந்தால் அடைத்து நேரே பெயின்ற் அடித்தால், அடைத்த இடம் அதிகமாக உறிஞ்சி, ஒவ்வொரு துளையும் கறையாகத் திரும்பித் தெரியும். தளர்ந்த பகுதியைச் சுரண்டி, நனைத்து, பெரிய பள்ளங்களைச் சாந்தால் இரண்டு தடவையாக நிரப்புங்கள். காய்ந்ததும் வோல் பில்லர் இழுத்து, தேய்த்து, முழுச் சுவருக்கும் பிறைமர் அடியுங்கள். மினுக்கமில்லாத பெயின்றே நல்லது, மினுக்கம் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். ஓர் அடையாளத்தை மட்டும் மூடாமல் விடுங்கள் என்று கேட்கும் வீடுகளும் உண்டு. அது அந்த வீட்டுக்காரரின் முடிவு. வேலைக்கு வருபவர் கேட்டுவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

செலவும் அளவும்

பத்துக்குப் பத்து அடி அறை, ஒன்பது அடி உயரம். கதவு, யன்னல் கழித்தால் ஏறக்குறைய 30 சதுர மீற்றர் சுவர். ஒரு லீற்றர் எமல்சன் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் பிடிக்கும். இரண்டு கோட்டுக்கு 6 லீற்றர் வேண்டும், சொரசொரப்பான சுவர் இன்னும் கேட்கும். கடையில் கலந்து தரும் நிறம் என்பதால் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கி, நிற இலக்கத்தை எழுதி வையுங்கள். இடையில் முடிந்து மீண்டும் கலந்தால் சிறு வித்தியாசம் வரலாம்.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. நீர்த்த சுண்ணாம்பில் காவி கலந்தாலே இந்த நிறம் வரும். சீமெந்து நிலத்துக்குப் போடும் சிவப்பு ஒக்சைட் பவுடர் போதும். 10 கிலோ சுண்ணாம்புக்கு 100 கிராமில் தொடங்குங்கள். சற்று மஞ்சள் ஒக்சைட் சேர்த்தால் ரோசா நிறம் விலகிப் பவளத்துக்கு நெருங்கும். இந்தப் பவுடர்கள் இரும்பு ஒக்சைட், காரத்திலும் வெயிலிலும் வெளிறாதவை. ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காய்ந்தபின் வெகுவாக வெளிறும் என்பதால் முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடுவதால் உரியாது. சாய்ந்தால் உடுப்பில் ஒட்டும் என்பது அதன் குறை. எமல்சன் அடித்த சுவரில் அது பிடிக்காது. சுண்ணாம்பின் மேல் எமல்சன் அடிப்பதென்றால் நன்றாகச் சுரண்டிப் பிறைமர் போட வேண்டும்.

எந்த அறைக்கு?

விறகடுப்பு எரியும் குசினிக்கு வேண்டாம், புகை ஒரு மாதத்தில் நிறத்தைக் கொன்றுவிடும். நிலம் சிவப்புச் சீமெந்து என்றால் மிக வெளிறிய சாயலை எடுங்கள், இல்லாவிட்டால் அறை முழுவதும் சிவந்து பாரமாகத் தெரியும். சிறு யன்னலுள்ள அறையில் ஒளி வரும் சுவரை வெள்ளையாக விட்டு எதிர்ச்சுவருக்கு மட்டும் பவளம் அடிக்கலாம். வெள்ளை எல்ஈடி வெளிச்சத்தில் இந்த நிறம் சாம்பலடிக்கும், மஞ்சள் பல்பில் செம்மஞ்சளாகும். ஒரு பலகையில் அடித்துக் காலை, மதியம், இரவு மூன்று நேரமும் பாருங்கள். தகரக் கூரையின் வெக்கையை உட்சுவரின் எந்த நிறமும் குறைக்காது, அதற்குச் சீலிங்தான் வழி.

ஓர் அறைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பிள்ளைகள் படிக்கும் அறையில் தொடங்குங்கள். காசை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைச் சுவரைத் திருத்தவும் பிறைமருக்கும் ஒதுக்குங்கள். நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாற்றலாம். சுவர் சரியில்லாவிட்டால் எந்த நிறமும் நிற்காது.